மொத்தமா இறங்கறதா, ஒரு கம்பெனிய மட்டும் பிடிக்கறதா, துண்டு துண்டா அடிக்கறதா: 2028க்கு யூஏடபிள்யூ முன்னாடி இருக்கற வழிகள்

2028 ஏப்ரல் 30 ராத்திரியோட ஃபோர்டு, ஜிஎம், ஸ்டெல்லாண்டிஸ் மூணு கம்பெனியோடயும் அமெரிக்க ஆட்டோ யூனியன் யூஏடபிள்யூ போட்ட ஒப்பந்தம் முடியுது. மறுநாள் மே தினம். தேதி தானா அப்படி அமையல, 2023ல கையெழுத்து போடும்போதே யூனியன் தலைவர் ஷான் ஃபெயின் கேட்டு வாங்கின தேதி அது, மத்த யூனியன்காரங்களும் உங்க ஒப்பந்தத்த இதே நாள்ல முடியற மாதிரி வச்சுக்கங்கன்னு வெளிப்படையாவே கூப்பிட்டாரு. சரி, தேதி கையில இருக்கு. பேச்சுவார்த்தை முட்டிக்கிட்டு நின்னா எந்த ஸ்ட்ரைக்க எடுக்கறதுங்கறதுதான் இப்பவே யோசிக்க வேண்டிய விஷயம், ஏன்னா அதுக்கு வருஷக்கணக்குல தயாராகணும், கடைசி வாரத்துல கை தூக்க சொல்லி முடிவு பண்ற சமாச்சாரம் கிடையாது.

இந்த டாபிக்க எடுத்தாலே முதல்ல ஒருத்தர் சொல்றது, எல்லாரும் ஒரே நாள்ல வெளிய வந்துட்டா மேனேஜ்மென்ட் ஒரு வாரத்துல இறங்கி வந்துரும்ங்கறது. கேக்க நல்லாத்தான் இருக்கு. 2023 கணக்க எடுத்து போட்டு பாருங்க. மூணு கம்பெனிலயும் சேத்து கிட்டத்தட்ட 1,46,000 மெம்பர், ஸ்ட்ரைக்ல இருக்கறவங்களுக்கு யூனியன் தர்ற படி வாரத்துக்கு 500 டாலர், அப்போ மொத்தமா இறங்கினா வாரத்துக்கு 7 கோடியே 30 லட்சம் டாலர் போகும். ஸ்ட்ரைக் ஃபண்டுல இருந்தது சுமார் 82 கோடியே 50 லட்சம். பதினொரு வாரம், அவ்வளவுதான், அதுவும் மெடிக்கல் இன்சூரன்ஸ் செலவ சேக்காம. இந்த கணக்கு யூனியன் ஆபிஸ்ல மட்டும் இருக்கற ரகசியமும் இல்ல, ஃபண்டுல எவ்வளவு இருக்குன்னு பேப்பர்லயே வந்துது, எதிர்ல உக்காந்திருக்கறவனுக்கு கால்குலேட்டர் இல்லாமயா இருக்கும். பன்னெண்டாவது வாரம் வரைக்கும் பல்ல கடிச்சுக்கிட்டு இருந்தா போதும்னு அவனுக்கு தெரிஞ்சுட்டா பேரம் அங்கயே பாதி போச்சு.

1970ல ஜிஎம்ல இது நடந்தே இருக்கு. அந்த வருஷம் மே மாசம் யூனியன் தலைவர் வால்டர் ராய்தர் விமான விபத்துல இறந்துட்டாரு, லெனர்ட் உட்காக் தலைவரா வந்த கையோட செப்டம்பர்ல ஏறக்குறைய நாலு லட்சம் பேர் 67 நாள் ஸ்ட்ரைக். கிடைச்சது சாதாரணமில்ல, பஞ்சப்படிக்கு வச்சிருந்த உச்சவரம்ப எடுத்தாங்க, 30 வருஷ சர்வீஸ் முடிச்சவங்க முன்கூட்டியே பென்ஷனோட போற வழிய திறந்தாங்க. ஆனா ஃபண்டு சுத்தமா துடைச்சு போச்சு. இத்தனைக்கும் அது ஒரே ஒரு கம்பெனில நடந்த ஸ்ட்ரைக்கு.

அடுத்தது அந்த ஒரு கம்பெனி வழி. இதுதான் இவங்களோட பழைய வழி, பல வருஷமா இப்படித்தான் ஓடுச்சு: மூணுல ஒண்ண டார்கெட்டா எடுத்து அவங்ககிட்ட மட்டும் பேசி, தேவைப்பட்டா அங்க மட்டும் ஸ்ட்ரைக் பண்ணி, கிடைச்ச ஒப்பந்தத்த கொண்டு போய் மத்த ரெண்டு பேர் முன்னாடி வச்சு இதே மாதிரி போடுன்னு சொல்றது. டார்கெட் ஆன கம்பெனிக்கு வயித்தெரிச்சல், தன்னோட வண்டி வராதப்ப போட்டிக்காரன் ஷோரூம்ல கூட்டம் கூடும். வேலைக்கு போற மத்த ரெண்டு கம்பெனி ஆளுங்களோட சந்தாவும் ஃபண்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். மேனேஜ்மென்ட் பக்கம் யோசிச்சாலும் இதுல ஒரு சௌகரியம் இருக்கு, மூணு பேருக்கும் லேபர் காஸ்ட் ஏறக்குறைய ஒண்ணா போயிடுது, அதனால சம்பளத்த குறைச்சு ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கற வேலை கிடையாது. அதுனாலதான் ரெண்டு தரப்பும் இத்தனை வருஷம் இதையே பிடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு நினைக்கறேன்.

இந்த வழி அமெரிக்காவுல கடைசியா முழுசா ஓடினது 2019ல. ஜிஎம் டார்கெட், செப்டம்பர் 16ல ஆரம்பிச்சு 40 நாள், 48,000 பேர். அப்ப ஸ்ட்ரைக் படி வாரத்துக்கு 250 டாலர்தான், நடுவுல 275 ஆக்கினாங்க, வீட்டு வாடகை கட்டற வயசுல இருக்கற ஆளுக்கு அது எந்த மூலைக்கு. ஜிஎம்முக்கு அந்த வருஷ லாபத்துல 360 கோடி டாலர் போச்சு. இவ்வளவு அடிச்சும் கையில வந்தது என்னன்னு பாத்தா ஆளுக்கு 11,000 டாலர் கையெழுத்து போனஸ், டெம்பரரி ஆளுங்க பர்மனென்ட் ஆக ஒரு வழி, இன்னும் சில நல்ல விஷயம், ஆனா ஓஹையோல லார்ட்ஸ்டவுன் ஆலை மூடினது மூடினதுதான், அத திறக்க வைக்க முடியல. அதே ஒப்பந்தத்த காட்டி ஃபோர்டுல ஸ்ட்ரைக்கே இல்லாம முடிச்சாங்க, போனஸ் 9,000. அதாவது ஜிஎம் ஆளுங்க 40 நாள் ரோட்டுல நின்னு வாங்கினத பெரும்பாலும் மத்தவங்க உக்காந்த இடத்துலயே வாங்கினாங்க. தப்புன்னு சொல்லல, யூனியன்னா அப்படித்தான், ஆனா அடுத்த தடவையும் எங்களையே டார்கெட்டா போடுவீங்களான்னு அந்த ஆலைக்காரங்க கேப்பாங்க இல்ல.

இதே வழிய சரியான இடத்துல எடுத்தா நல்லாவே வேலை செய்யும், அதுக்கு கனடா சாட்சி. 2023ல அங்க யூனிஃபார் யூனியன் ஃபோர்ட டார்கெட் பண்ணுச்சு, கெடு முடிஞ்சு 24 மணி நேரம் நீட்டி, ஸ்ட்ரைக் இல்லாமயே முடிச்சாங்க: மூணு வருஷத்துக்கு 10, 2, 3 சதவீதம்னு உயர்வு. அப்புறம் ஜிஎம் போனாங்க, அங்க ஸ்ட்ரைக் ஒரு நாள் கூட முழுசா ஓடல, ஸ்டெல்லாண்டிஸ்ல சில மணி நேரம். ரெண்டு பேரும் ஃபோர்டு ஒப்பந்தத்துக்கே வந்து சேந்தாங்க. ஆனா ஃபோர்டு ஆளுங்களோட ஓட்டெடுப்புல ஆதரவு 54 சதவீதம்தான், அதாவது உள்ளுக்குள்ள கிட்டத்தட்ட பாதி பேருக்கு திருப்தி இல்ல. சின்ன யூனியன், கொஞ்ச ஆலை, ஒவ்வொரு ஆலையும் கம்பெனிக்கு முக்கியம்னா இந்த வழி போதும். அமெரிக்கால மூணு கம்பெனிக்கும் சேத்து அத்தன ஆலை, கிடங்கு இருக்கறப்ப அத ஏன் பயன்படுத்தாம விடணும்ங்கறதுதான் அடுத்த வழியோட அடிப்படை.

அதுக்கு விதை 1998லயே இருக்கு. மிச்சிகன்ல ஃப்ளின்ட்ங்கற ஊர்ல ஜிஎம்மோட ரெண்டே ரெண்டு பார்ட்ஸ் ஆலை, 9,200 பேர், 54 நாள். அந்த ரெண்டும் நின்னதும் வட அமெரிக்காவுல ஜிஎம்மோட வண்டி பூட்டற ஆலை கிட்டத்தட்ட எல்லாமே நின்னு போச்சு, ஏன்னா ஸ்டாக் வச்சுக்காம அன்னன்னிக்கு வர்ற பார்ட்ஸ வச்சு ஓட்டற முறை. கம்பெனிக்கும் அது தெரியும், அதுனாலதான் ஸ்ட்ரைக் வர்றதுக்கு முன்னாடி ஒரு லாங் வீக்கெண்ட்ல ஸ்டாம்பிங் டை, அதாவது தகடு அடிக்கற அச்சு, எல்லாத்தையும் சத்தம் போடாம வெளிய தூக்கிட்டு போனாங்க, அதுதான் சண்டையவே பெருசாக்கினது. ஊர் முழுக்க ஆள் இறங்கணும்னு இல்ல, எந்த ஆலை எதுக்கு பார்ட்ஸ் அனுப்புதுன்னு வரைபடம் கையில இருந்தா போதும்.

2023ல ஃபெயின் செஞ்சது இதத்தான், ஆனா மூணு கம்பெனிலயும் ஒரே நேரத்துல. ஸ்டாண்ட் அப் ஸ்ட்ரைக்னு பேரு வச்சாங்க, 1936-37 ஃப்ளின்ட் உள்ளிருப்பு (சிட் டவுன்) போராட்டத்த ஞாபகப்படுத்தற மாதிரி. செப்டம்பர் 15 விடியறதுக்கு முன்னாடி மூணே ஆலை: மிசௌரில ஜிஎம் வென்ட்ஸ்வில், ஓஹையோல ஸ்டெல்லாண்டிஸ் டொலீடோ, மிச்சிகன்ல ஃபோர்டு வெய்ன் ஆலையோட அசெம்ப்ளியும் பெயின்ட்டும். சேத்து 13,000 பேருக்கு கொஞ்சம் கம்மி. இப்ப பழைய கணக்க திரும்ப போடுங்க, வாரத்துக்கு 65 லட்சம் டாலர், அந்த வேகத்துல போனா ஃபண்டு ரெண்டு வருஷத்துக்கு மேல தாங்கும். மேனேஜ்மென்ட் எண்ணிக்கிட்டு உக்காந்திருந்த பதினொரு வாரம் காணாம போச்சு.

பணத்த விட எனக்கு இதுல பிடிச்சது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாருக்கு அடி யாருக்கு விடுப்புன்னு யூனியன் முடிவு பண்ணின விதம். செப்டம்பர் 22ல ஜிஎம், ஸ்டெல்லாண்டிஸ் ரெண்டுலயும் 38 பார்ட்ஸ் கிடங்க நிறுத்தினாங்க, ஃபோர்டு நல்லா பேசறான்னு விட்டுட்டாங்க. அடுத்த வெள்ளி ஃபோர்டுக்கும் ஜிஎம்முக்கும் ஆளுக்கு ஒரு ஆலை, ஸ்டெல்லாண்டிஸ் கடைசி நிமிஷத்துல இறங்கி வந்ததால தப்பிச்சுது, ஃபெயின் அறிவிப்பு கொடுக்கற லைவே அதுனால லேட்டாச்சு. அதுக்கடுத்த வெள்ளி ஜிஎம் பேட்டரி ஆலைகளையும் மாஸ்டர் ஒப்பந்தத்துக்குள்ள, அதாவது கம்பெனி முழுக்க இருக்கற பொது ஒப்பந்தத்துக்குள்ள, கொண்டு வர ஒத்துக்கிட்டதும் யாருக்கும் அடி இல்ல. முன்னெல்லாம் மூணு கம்பெனியும் டார்கெட் யாருன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க, இப்ப இந்த வாரம் நம்ம பேர் வரக்கூடாதுன்னு மூணு பேருக்குள்ளயும் போட்டி.

அப்புறம் அக்டோபர் 11. அன்னிக்கு புதன்கிழமை, யாரும் எதிர்பாக்கல. டியர்பார்ன்ல ஃபோர்டு ஹெட் ஆபிஸுக்கு ஃபெயின் ஆளுங்களோட போறாரு, புது ஆஃபர் இருக்கும்னு போனா சம்பளத்துல ஒண்ணும் ஏத்தாத பழைய பேப்பரே மேசைல இருக்கு. சில நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுது, அன்னிக்கு சாயந்திரமே கென்டக்கி ட்ரக் ஆலைல 8,700 பேர் வெளிய. சூப்பர் ட்யூட்டி ட்ரக்கு, எக்ஸ்பெடிஷன், லிங்கன் நேவிகேட்டர் எல்லாம் வர்ற இடம், வருஷத்துக்கு 2,500 கோடி டாலர் வருமானம் ஃபோர்டுக்கு அங்கிருந்து மட்டும். ரெண்டு வாரத்துல, 25ஆம் தேதி, ஃபோர்டு ஒப்பந்தத்துக்கு வந்துருச்சு. ஸ்டெல்லாண்டிஸுக்கு ஸ்டெர்லிங் ஹைட்ஸ், ஜிஎம்முக்கு ஆர்லிங்டன், இப்படி லாபம் கொட்டற ஆலையா பாத்து கடைசில எடுத்தாங்க, 28ல ஸ்டெல்லாண்டிஸ், 30ல ஜிஎம். முதல் நாளே கென்டக்கிய எடுத்திருந்தா அடுத்து மிரட்டறதுக்கு கையில என்ன இருந்திருக்கும்?

வந்தத பாருங்க. ஆகஸ்ட் கடைசில ஃபோர்டு கொடுத்த ஆஃபர் 9 சதவீதம். முடிஞ்சது 25 சதவீதம், அதுல 11 உடனே. 2009 நெருக்கடில விட்டுக்கொடுத்த பஞ்சப்படி திரும்ப வந்துது. டாப் ரேட்டுக்கு, அதாவது உச்ச சம்பளத்துக்கு, போக எட்டு வருஷம் காத்திருந்தது மூணு வருஷமாச்சு. ஆலை மூடினா அதுக்காக ஸ்ட்ரைக் பண்ற உரிமை வேற. கம்பெனிக்கு ஆன சேதாரம்: ஜிஎம் சொன்னது 110 கோடி டாலர், ஃபோர்டு 170 கோடி. அதாவது 2019ல ஜிஎம் ஒண்ணுக்கே போனத விட இந்த ரெண்டு பேருக்கும் சேத்தே கம்மி, ஆனா யூனியனுக்கு கிடைச்சது அத விட எவ்வளவோ அதிகம். ரொம்ப நஷ்டம் பண்ணாத்தான் நிறைய கிடைக்கும்னு நம்பறவங்க இந்த நம்பர ஒரு தடவ பாக்கணும்.

இதுலயும் ஓட்டை உண்டு, பேச ஆளில்லாம இல்ல. வென்ட்ஸ்வில் நின்னதும் அங்கருந்து பார்ட்ஸ் வரலன்னு கான்சஸ்ல ஃபேர்ஃபாக்ஸ் ஆலைய ஜிஎம் மூடி ரெண்டாயிரம் பேருக்கு லே ஆஃப் கொடுத்துச்சு, வழக்கமா லே ஆஃப்ல கம்பெனி தர்ற ஈட்டுத்தொகையும் கிடையாதுன்னுட்டாங்க, யூனியன்தான் ஸ்ட்ரைக் படி கொடுத்து தாங்குச்சு. ஆக வெளிய வர சொல்றது யூனியன்னா வெளிய தள்றது கம்பெனி கையிலயும் இருக்கு. அப்புறம் உள்ள வேலை பாத்தவன் முழு சம்பளம் வாங்கறான், ஒப்பந்தம் காலாவதியான நிலைமைல வேலை செய்யறான், வெளிய நிக்கறவன் 500ல ஓட்டறான், ஆறு வாரம்ங்கறதால தாங்குச்சு, ஆறு மாசம்னா ஒரே யூனியனுக்குள்ள கசப்பு வராம இருக்குமா தெரியல. முடிவுல ஓட்டெடுப்புலயும் இது தெரிஞ்சுது, ஃபோர்டுலயும் ஸ்டெல்லாண்டிஸ்லயும் 69 சதவீதம் கிட்ட ஆதரவு, ஜிஎம்ல 55 கூட முழுசா வரல, பல பெரிய அசெம்ப்ளி ஆலைங்க வேண்டாம்னே ஓட்டு போட்டாங்க. 2007க்கு அப்புறம் சேந்தவங்களுக்கு பழைய பென்ஷன் வரல, 40 சதவீதம் கேட்டது 25ல நின்னுது, சீனியருங்களுக்கு இதுல நமக்கு என்னன்னு ஒரு வருத்தம்.

நாலாவதா ஜெர்மன் வழி, அடையாள ஸ்ட்ரைக். 2024 டிசம்பர்ல ஃபோக்ஸ்வாகன்ல ஐஜி மெட்டல் யூனியன் செஞ்சது: 2ஆம் தேதி ஒரு ஷிப்டுக்கு ரெண்டு மணி நேரம், 9ஆம் தேதி நாலு மணி நேரம், ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம் பேர் கிட்ட. ஃபண்டுக்கு சேதாரமே இல்ல. கம்பெனி ஆரம்பத்துல கேட்டது 10 சதவீத சம்பள வெட்டும் ஆலை மூடலும், 20ஆம் தேதி 70 மணி நேரத்துக்கு மேல பேசி முடிச்சதுல உடனடி ஆலை மூடல் இல்ல, 2030 கடைசி வரைக்கும் கட்டாய ஆட்குறைப்பு இல்ல, ஆனா அதே 2030க்குள்ள 35,000 வேலை இயல்பா குறையும், சம்பள உயர்வையும் தள்ளி வச்சாச்சு. இத பாத்து நாலு மணி நேரத்துல இவ்வளவான்னு ஆச்சரியப்படறவங்க அங்க நிர்வாகத்துக்கு மேல இருக்கற கண்காணிப்பு போர்டுல பாதி சீட்டு தொழிலாளிங்களுதுங்கறத மறந்துடறாங்க, போதாக்குறைக்கு லோயர் சாக்சனி மாநில அரசு கையில 20 சதவீத ஓட்டு. ஸ்ட்ரைக்கு வெளிய தெரியற சத்தம்தான், பலம் போர்டு ரூம்ல இருக்கு.

அமெரிக்காவுல இத அப்படியே எடுக்க முடியாது, இது பலருக்கு தெரியாத பாயின்ட்: விட்டு விட்டு ஸ்ட்ரைக் பண்றதுக்கு, அதாவது இன்னிக்கு ரெண்டு மணி நேரம் அடுத்த வாரம் நாலு மணி நேரம்னு போறதுக்கு, அங்க சட்ட பாதுகாப்பு கிடையாது, வேலைய விட்டே தூக்கலாம். 2023ல வெளிய வந்த ஆலை எதுவும் ஒப்பந்தம் வர்ற வரைக்கும் உள்ள போகலங்கறத கவனிச்சீங்கன்னா புரியும். ஆலைய கூட்டிக்கிட்டே போகலாம், உள்ள வெளிய விளையாட முடியாது.

இதுக்கு நடுவுல எல்லாரும் தாண்டி போற ஒரு விஷயம், என்ன கேக்கறோம்ங்கறது. சம்பளம், பஞ்சப்படி, டெம்பரரி பிரச்சனைன்னா கம்பெனிக்கு அது பணம், லாபம் வர்ற ஆலைய நிறுத்தினா கணக்கு போட்டு தருவான். மூடின ஆலைய திற, புது மாடல இங்க கொண்டு வான்னு கேட்டா அது வேற சங்கதி, மூட நினைக்கற ஆலைல ஸ்ட்ரைக் பண்ணா அவனுக்கு அது உதவிதான். லார்ட்ஸ்டவுன் கதை அதான். இல்லினாய்ஸ்ல பெல்விடியர் ஆலைய திறக்கறேன்னு ஸ்டெல்லாண்டிஸ் 2023ல எழுதி கொடுத்துச்சு, 2024ல தள்ளிப் போட்டுச்சு, யூனியன் புகார் மேல புகார், ஸ்ட்ரைக் மிரட்டல், சிஇஓ கார்லோஸ் டவாரெஸ் டிசம்பர்ல ராஜினாமா, 2025 ஜனவரிலதான் 2027ல திறப்போம்னு மறுபடி வாக்கு. எழுதி வாங்கினதுக்கே இந்த பாடு. இந்த மாதிரி கோரிக்கைக்கு, கம்பெனிக்கு உயிரா இருக்கற வேற ஆலைல ஸ்ட்ரைக் பண்ற உரிமை வேணும், அது 2023ல வந்ததுதான் சதவீதத்த விட பெருசுன்னு எனக்கு படுது.

அப்போ 2028க்கு? நான் துண்டு துண்டா அடிக்கற வழிக்குத்தான் ஓட்டு போடுவேன், ஆனா 2023 மாதிரியே அப்படியே எடுத்தா வேலைக்காகாது. கம்பெனிங்க இப்ப அந்த வரைபடத்த பாத்துட்டாங்க, எந்த ஆலை எடுப்பாங்கன்னு யூகிச்சு மார்ச்லயே ஷோரூம்ல வண்டிய நிறைச்சு வைப்பாங்க, முக்கிய பார்ட்ஸுக்கு ரெண்டாவது சப்ளையர் பிடிப்பாங்க, காலாவதியான அன்னிக்கே கதவடைப்பு பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. அதனால யூனியன் பக்கம் முன்கூட்டியே செய்ய வேண்டியது, கடைசி மாசங்கள்ல விருப்ப ஓவர்டைம ஆளாளுக்கு குறைச்சு ஸ்டாக் சேர விடாம பாக்கறது, அதையும் கூட்டா செஞ்சா ஒப்பந்தம் உயிரோட இருக்கற வரைக்கும் கேஸ் வரும், ஜாக்கிரதையா போகணும். ஆர்டரையும் மாத்தணும், முதல் வாரத்துலயே ஒரு லாப ஆலைய எடுத்துட்டு மிச்சத்த பார்ட்ஸ் கிடங்குல இருந்து மெதுவா கூட்டறது, அப்பதான் எதிராளி போட்டு வச்ச பிளான் உதவாது. ஜிஎம்ல வேண்டாம்னு ஓட்டு போட்ட ஆலைங்ககிட்ட 2027லயே போய் உக்காந்து சீனியருக்கு என்ன கேக்கப் போறோம்னு பேசி முடிச்சுக்கணும், இல்லன்னா கையெழுத்து ஆன ஒப்பந்தம் ஓட்டெடுப்புல விழும். மொத்த ஸ்ட்ரைக்க கடைசி வரைக்கும் மேசை மேல வச்சிருக்கலாம், ஆனா ஃபண்டுல இருபது வாரத்துக்காவது காசு இல்லாம அத தொடக்கூடாது, 2023ல இருந்த படி, மெம்பர் கணக்குல அதுக்கு 146 கோடி டாலர் வேணும்.